மூன்று மூச்சு, ஒரு சர்வீஸ்

1

இந்தக் கதை என் அக்கா மகளிடமிருந்து திருடியது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். கரும்பலகையில் எழுதும்போது அவள் கை நடுங்கும். அதைப் பார்த்து வகுப்பில் நான்கு பெண்கள் 'ஜெல்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று ஒரு வாரம் அடம்பிடித்தாள்.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜன்னலுக்கு வெளியே மழை அவளுக்காக அழுது..." வேண்டாம். மழைக்கு வேறு வேலை இருக்கிறது.)

2

சர்வீஸ் போடுமுன் பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். அது விதி. இவள் கையிலோ பந்து நிற்கவே நிற்காது. ஒருநாள் வெறுத்துப்போய்ப் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாளாம். மூச்சு உள்ளே, வெளியே. மூன்றாவது மூச்சில் பந்து நின்றது.

(இங்கே ஞானம் நிறைந்த பயிற்சியாளர் ஒருவரை நுழைக்கப் பார்த்தேன். "அப்படி யாருமே இல்ல சித்தி. எங்க சார் எப்பவும் ஃபோன்லதான் இருப்பார்" என்றாள்.)

பிறகு கரும்பலகைக்குப் போகும்போதும் மூன்று மூச்சு. கை அப்போதும் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் எழுதி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

3

பள்ளிப் போட்டி. அந்த நால்வரும் முன்வரிசையில். இவள் மூச்சை இழுத்தால் அவர்களும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தார்கள், விட்டால் 'ஹூஊ' என்று விட்டார்கள். அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் நானும் இருந்தேன். எழுந்து போய் நாலு பேரையும் பளார் என்று...

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

ஆனால் அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். ஒரு சர்வீஸையும் விட்டுவைக்கவில்லை. ஒழுங்காகக் கேலி செய்ய வேண்டுமென்றால் அவளை உற்றுக் கவனிக்க வேண்டும், அவளோடு சேர்ந்து மூச்சுவிட வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் சத்தம் தேய்ந்தது. நால்வரும் வாயை மூடி, பந்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை.

அவள் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றாள். சாயங்காலமே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள் என் தங்கம்.

4

பட்டப்பெயர் வைத்தவளே மறுநாள் வந்தாளாம். "எங்க வீட்ல சண்டை வந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நீ அந்த மூச்சு விடறத எப்படிப் பண்றே?"

முடிவு ஒன்று: இருவரும் கட்டிக்கொண்டார்கள். அக்கா மகள் படித்துவிட்டுப் பேனாவால் கோடுபோட்டு அடித்தாள். "நான் இன்னும் மன்னிக்கல சித்தி."

முடிவு இரண்டு: இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதையும் அடித்தாள். "நான் அவ்ளோ கெட்டவளும் இல்ல."

"அப்ப என்னதான்டி சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

ஆக, என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு, அதனால் பென்சிலிலேயே எழுதுங்கள்.