ஓடையில் நிறுத்திய வண்டி

நெவாடா பாலைவனத்தைப் பற்றி வெண்டல் ப்ரூட் எழுதிய பயண நூல் இல்லாமல் இந்தப் பக்கம் ஒருவனும் வண்டியைக் கிளப்பமாட்டான். பாழடைந்த சுரங்கங்களின் கதை, ஓணான் வகைகள், எந்தப் பாதையில் சக்கரம் புதையும் என்பதெல்லாம் அதில் உண்டு. கண்ணால் பார்க்காத கூழாங்கல்லைக்கூட மனுஷர் எழுதமாட்டார். எங்கள் ஊரான லாஸ்ட் ஸ்பூனுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி: "பெட்ரோல் கிடைக்கும். பார்க்க ஒன்றுமில்லை." அதைப் படித்துவிட்டுக் கழுகுகள்கூட ஊருக்கு மேலே பறப்பதை நிறுத்திக்கொண்டன.

ஆர்லீன்தான் பாவம். புருஷன் போனபிறகு ஊரின் ஒரே சாப்பாட்டுக்கடையைத் தனியாக நடத்துகிறாள். இனியும் ஆள் வராவிட்டால் குளிர்காலத்தில் கடையை மூடிவிட்டு, ரீனோவில் தங்கை வீட்டு சோபாவில் முடங்க வேண்டியதுதான். புதுப் பதிப்புக்காக வெண்டல் வந்தபோது, கடைக்கு மேற்புறப் பள்ளத்தாக்கில் தினமும் வளைகொம்புக் காட்டு ஆடுகள் இறங்குவதாகச் சத்தியம் செய்து, அவரைக் கிளப்பிக்கொண்டு தானும் புறப்பட்டாள். வண்டி என்னுடையது. தபால் வேலையில் ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன ஜோலி?

ஜூலை வெயில். ஓணான்கள் ஒன்றின் நிழலில் ஒன்று முறைவைத்து நின்றன. வறண்ட ஓடைக்குள் இருந்த ஒற்றை மரத்தைக் காட்டினார் வெண்டல். "அங்க நிழல்ல நிறுத்து, கஸ்."

"ஓடைக்குள்ள வண்டிய நிறுத்தாதேன்னு உங்க புஸ்தகத்துல முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

"அது வெளியூர்க்காரனுக்குய்யா. மேல பாரு, பொட்டு மேகம் இருக்கா?"

இல்லைதான். நிறுத்தினேன். மூவரும் கரையேறிப் பாறைமேல் காத்திருந்தோம். எங்கள் மூவருக்கும் தாடி முளைத்தது, ஆர்லீனுக்கும்தான். ஆடு வரவில்லை.

"போதும் ஐயா, போலாம்." ஆர்லீன் பாறையிலிருந்து எழுந்தாள். "தினமும் வருதுன்னது பொய். நான் அதுகளப் பாத்தே வருஷக்கணக்காச்சு."

வெண்டல் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

அப்போதுதான் அந்த இரைச்சல். எங்கோ தூரத்து மலையில் பெய்த மழை, சேறும் மரக்கட்டையுமாக, பனை உயரத்துக்கு, சரி, இடுப்பு உயரத்துக்கு, ஓடைத் திருப்பத்தில் பாய்ந்து வந்தது. என் வண்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு கல்யாணத்துக்குப் புறப்பட்ட சீமாட்டி மாதிரி நிதானமாகத் திரும்பிப் போயே போய்விட்டது.

"ஐயோ, வண்டிக்குள்ள என் தொப்பி!" என்று கத்தினார் வெண்டல்.

"தொப்பியா? போறது என் வண்டிய்யா!"

ஆர்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வழிய.

நடந்தே ஊர் திரும்பினோம். பார்த்தால், மூக்கு சேற்றில் புதைந்து, பின்பக்கம் வானத்தைப் பார்க்க, அதே ஓடை ஊரைத் தொடும் இடத்தில், கடை ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது வண்டி. ஆர்லீன் தன் புருஷனின் சட்டையை, வியர்வையில் நனைந்திருந்த வெண்டலுக்கு உடுத்தக் கொடுத்து, பீச் பழக் கேக்கும் வைத்தாள். அவர் ஜன்னலையே பார்த்தபடி தின்றார்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. "லாஸ்ட் ஸ்பூன்: இந்நூலாசிரியர் தம் அறிவுரையைத் தாமே மீறி, வறண்ட ஓடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். விளைவை ஆர்லீன் கடை ஜன்னலிலிருந்து காணலாம். பீச் கேக் அருமை. ஆடுகளைக் காணவில்லை."

அவ்வளவுதான். யூட்டாவிலிருந்து, அரிசோனாவிலிருந்து, ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர்கள்கூட வந்தார்கள். வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள், உட்கார்ந்து தின்றார்கள். முதல் பனி விழுந்தபோதும் கடையில் இடமில்லை.

"ஆர்லீன், இழுவை வண்டிக்குச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

இரண்டு கையிலும் தட்டுகளோடு திரும்பினாள். "அதுமேல கைய வச்சே, ஒடிச்சிருவேன். சும்மா நிக்காம அந்த ஜன்னல் மேசைக்குக் காபி ஊத்து, போ."