இத்தன மெத்தை யாருக்கு?

சின்னவ வெட்டிக் கொடுத்த வீடியோ டிவில வந்தப்போ வீட்ல ஒரே அமர்க்களம். முதுகுவலின்னு நாள் பூரா சுவத்துல சாஞ்சே கெடக்கிற மனுஷன், அவங்கப்பா, துள்ளி எழுந்து நின்னுட்டாரு.

"பாப்பா! நம்மளோடதுடி! நம்ம ஆளு போட்டுட்டாரு பாரு!"

நம்ம ஆளுன்னா சொந்தக்காரரு கெடையாது. சாயங்காலமானா டிவில வந்து உக்காந்து ஊர் நியாயம் பேசுற ஆளு. கட்டம் போட்ட சட்டையும் தடிக் கண்ணாடியுமா, எதுத்த வீட்டுக்காரர் பேசுற மாதிரியே பேசுவாரு. அம்மா அவரக் 'கண்ணாடிக்காரன்'னுதான் சொல்லுவாங்க. அப்பாவுக்கு அது பிடிக்காது.

அப்பா பாதி ஆயுச மெத்தை கம்பெனில, ஓரம் தைக்கிற மெஷின்ல கழிச்சவரு. வெளியில இருந்து வர்ற மெத்தைங்க, தையலே இல்லாம பசை போட்டு ஒட்டுனதுங்க, பாதி விலைக்கு வந்து எறங்க ஆரம்பிச்சதும் கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. அப்பாவுக்கு மிச்சம் முதுகுவலிதான். வேலை கேட்டுப் போற எடத்துலல்லாம் வயசக் கேட்டுட்டு தண்ணி கொடுத்து அனுப்பிடுவாங்க. அம்மா ரொட்டி பேக்டரில ரெண்டு ஷிப்டு பாத்தாங்க. வீட்ல யாரும் அப்பாவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதுதான் அவர இன்னும் கொன்னுச்சு.

அப்படி இருந்தப்போதான் ஒருநாள் அந்த நிகழ்ச்சிக்கு போன் போட்டாரு. லைன் கெடச்சிருச்சு. கண்ணாடிக்காரரு அவசரப்படுத்தாம முழுசாக் கேட்டாரு. "உங்க கை தச்ச மெத்தைல தூங்கின ஊரு, உங்கள மறந்துருச்சுண்ணே"ன்னாரு. அப்பா போன வெச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தெறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரல. மறுவாரம் அந்த ஆளு, மறக்காம, "நம்ம மெத்தை அண்ணன் எப்படி இருக்காரு?"ன்னு டிவிலயே விசாரிச்சாரு. அதுக்கப்புறம் அவரு சொன்னதுதான் அப்பாவுக்கு வேதம்.

அப்பாவுக்கு மட்டுமா? 'நம்ம ஊரு இயக்கம்'னு புதுசா ஒண்ணு கெளம்பியிருந்துச்சு. அதோட தலைவரு மேடைல பேசுறதெல்லாம் முந்தின நாள் கண்ணாடிக்காரரு டிவில பேசினதுதான். இவரு ஒரு வார்த்தையப் புதுசா விட்டா, ரெண்டே நாள்ல அது சுவத்துல எழுதியிருக்கும்.

அந்த நிகழ்ச்சில ஒரு பழக்கம் உண்டு. 'உங்க தெருவுல என்ன நடக்குது? ஒரு நிமிஷ வீடியோ எடுத்து அனுப்புங்க'ம்பாங்க. அப்பா டாக்டர் சொன்னாருன்னு காலைல நடக்கப் போவாரு. அப்படிப் போனப்போ ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, பூட்டியே கெடந்த பழைய விடுதி முன்னால ஒரு லாரி நின்னுட்டிருந்திருக்கு. சுருட்டின மெத்தையா எறக்குறாங்க. எல்லாம் அந்தப் பசை மெத்தை. பாத்ததும் அப்பாவுக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. போன எடுத்து புடிச்சாரு, வாட்ச்மேனக் கூப்பிட்டுக் கேட்டாரு, வீட்டுக்கு வந்து சின்னவகிட்ட கொடுத்தாரு.

"நல்லா வெட்டி அனுப்பு பாப்பா. இத எங்க கம்பெனில வாங்கியிருந்தா எத்தன குடும்பம் பொழச்சிருக்கும்? அதக் கேக்கட்டும் நம்ம ஆளு."

வீடியோ ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்துச்சு. எங்க வெட்டணும்னு சின்னவளுக்கு யாரும் சொல்லித்தரல. தெனம் சாப்பிடும்போது அந்த நிகழ்ச்சியப் பாத்துப் பாத்தே அவளுக்கு அது கையில வந்திருந்துச்சு. கண்ணாடிக்காரரு கேள்வி கேட்டதும் நிறுத்திடுவாரு. பதிலுக்கு நிக்க மாட்டாரு. கேள்விய விட்டுட்டு கேமராவையே பாப்பாரு, அவ்வளவுதான். உடம்பு சிலுத்துக்கும். அதே மாதிரி இவளும், "ஏம்ப்பா, இத்தன மெத்தை யாருக்கு?"ன்னு அப்பா கேக்குற எடத்தோட நறுக்குன்னு வெட்டிட்டா. வாட்ச்மேன் வாயத் தெறக்குறாரு, முடிஞ்சிருச்சு. பாக்க சூப்பரா இருந்துச்சு. அப்பா தலைல தட்டிக் கொடுத்து, "எம் பொண்ணு!"ன்னாரு.

இப்ப டிவில அதேதான் ஓடுச்சு. முடிஞ்சதும் கண்ணாடிக்காரரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"பாத்தீங்களா மக்களே? கேட்டதுக்குப் பதிலே இல்ல. காத்தால, யாரும் இல்லாத நேரத்துல, ஒரு லாரி மெத்தை. யாருக்கு? நம்ம ஊர்ல நமக்கே எடம் இல்ல. அப்ப வெளியாளுங்களக் கொண்டாந்து குடி வெக்கப் போறாங்களா? நான் சொல்லல. கேக்குறேன்."

சின்னவ அப்பாவத் திரும்பிப் பாத்தா. கம்பெனியப் பத்தி ஒரு வார்த்தை வரலையேன்னு அவரு ஒரு நிமிஷம் முழிச்சாரு. அப்புறம் மெதுவா தலைய ஆட்டினாரு.

"அதானே... எனக்கு அப்பவே சந்தேகம்."

அவரு அப்படிச் சந்தேகப்படலன்னு சின்னவளுக்கு நல்லாத் தெரியும். முழு வீடியோ அவ போன்லதானே இருக்கு.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுத்திக்கிட்டு அந்த விடுதிப் பக்கமாப் போனா. வாட்ச்மேன் பழைய துணிய வெச்சு இரும்பு கேட்ட அழுத்தித் தேச்சுட்டிருந்தாரு. யாரோ சிவப்புப் பெயிண்டுல 'துரோகி'ன்னு எழுதியிருந்தாங்க. அவரு தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாரு. யாராவது பக்கமா நடந்தாலே கை நின்னு போகுது. டீக்கடையில அவருக்கு டீ கொடுக்க மாட்டேன்னுட்டாங்களாம். நாளைக்குக் காலைல இயக்கத்துக்காரங்க அங்க கூடி உள்ள பூந்து பாக்கப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு.

வீட்டுக்கு வந்தா, அம்மா தொவைச்ச துணிய மடிச்சுட்டிருந்தாங்க. சின்னவ பக்கத்துல உக்காந்து, ஒரு துண்ட எடுத்து மூஞ்சில பொத்திக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா.

"அந்த மாமாவ அடிச்சிருவாங்கம்மா. எல்லாம் என்னாலதான். பயமா இருக்கும்மா."

"அப்பாகிட்ட சொல்லு."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா, கண்ணாடிக்காரன் மேல எனக்குப் பொறாமைம்பாரு" அப்படின்னு அம்மா துண்டப் புடுங்கி மடிச்சாங்க. "கொஞ்சம் உண்டுதான். எங்கிட்ட பேசுறத விட அவன்கிட்டதானே மனசு விட்டுப் பேசுறாரு. நீ போ. நீ சொன்னாக் கேப்பாரு."

அப்பா போன்ல இயக்கத்துக் குழுவப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. 'மெத்தை அண்ணன் வாழ்க'ன்னு வரிசையா வந்துட்டே இருந்துச்சு. சின்னவ தன் போன அவர் முன்னால நீட்டி முழு வீடியோவ ஓட விட்டா.

"ஏம்ப்பா, இத்தன மெத்தை யாருக்கு?"

"ஆஸ்பத்திரில கெடக்குறவங்க கூட வர்றாங்கல்ல சார், அவங்க படுக்கத்தான். வராந்தாவுலயும் மரத்தடியிலயும் சுருண்டு கெடக்குதுங்க, பாவம். இனி இங்க படுத்துக்கலாம்."

"அப்படியா? நல்ல காரியம்தாம்ப்பா. ஆனா மெத்தைய வெளியில வாங்கிட்டாங்களே, பாவிங்க."

அதோட முடிஞ்சிருச்சு. அப்பா தன் கொரல யாரோ எவரோ பேசுற மாதிரி கேட்டுட்டு இருந்தாரு. திரும்பப் போடச் சொன்னாரு. போட்டா.

"நல்ல காரியம்னு நானா சொன்னேன்?"

"நீங்கதாம்ப்பா."

"மறந்தே போச்சு பாப்பா. சத்தியமா. ரெண்டு நாள் முந்தி நான் சொன்னது எனக்கே மறந்து போச்சு." அவரு முகம் வெளிறிப் போயிருந்துச்சு. "நீ ஏம்மா அங்க வெட்டினே?"

"அவரு அப்படித்தானே நிறுத்துவாரு..."

அப்பா திட்டுவாருன்னு பாத்தா, திட்டல. அவ தலையத் தன் தோள்ல சாச்சுக்கிட்டாரு. "நம்ம ஆளு தங்கமான மனுஷன். எடுத்துச் சொன்னா சரி பண்ணிடுவாரு"ன்னாரு.

சாயங்காலம் போன் போட்டாரு. மெத்தை அண்ணன்னதும் லைன் ஒடனே கெடச்சிருச்சு.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த வாட்ச்மேன் பதில் சொன்னாரு. நோயாளிங்க கூட வர்றவங்களுக்குத்தான் அந்த மெத்தை. வீடியோவ நாங்கதான் பாதில வெட்டிட்டோம். அந்த ஆளு பாவம்ணே. நாளைக்கு யாரும் போக வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்..." கடைசில அப்பாவுக்கு அழுகை முட்டிக்கிச்சு.

டிவில கண்ணாடிக்காரரு கேமராப் பக்கமா குனிஞ்சாரு.

"அண்ணே, உங்க கொரல் நடுங்குதே. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"எம் பொண்ணு இருக்காண்ணே."

"கேட்டீங்களா மக்களே." அவரு கண்ணு கலங்கின மாதிரியே இருந்துச்சு. "பொண்ணப் பக்கத்துல உக்கார வெச்சுப் பேச வெக்கிறாங்க. நம்ம அண்ணன மிரட்டுறாங்க. அண்ணே, பயப்படாதீங்க. உங்கள எங்க புடிச்சு வெச்சிருந்தாலும் நாளைக்கு நாங்க வர்றோம்."

"ஐயோ, அது இல்லண்ணே..."

லைன் போயிருச்சு.

அம்மா அடுப்படி வாசல்ல கரண்டியோட நின்னுட்டிருந்தாங்க. "மிரட்டுனது நான்தான்னு நெனச்சுக்கப் போறாங்க"ன்னாங்க. யாருக்கும் சிரிப்பு வரல. சின்னவ முழு வீடியோவ எடுத்துக் குழுவுல போட்டா. போட்ட வேகத்துல, இதுதான் வெட்டி ஒட்டின போலின்னு திட்டித் தூக்கி வெளிய போட்டாங்க. போலீசுக்கு போன் அடிச்சா, கூட்டம் வந்தா ஆள் அனுப்புறோம்னாங்க.

காலைல அப்பா சட்டைய மாட்டினாரு. "நான் எழுப்பின கூட்டம். நான் போயித்தான் நிக்கணும்." சின்னவ செருப்பு மாட்டும்போது வேணாம்னாரு. அம்மா கையப் புடிச்சு, "கொஞ்சம் தள்ளி நின்னுக்குவோம்"னாங்க. மூணு பேருமாப் போனாங்க.

வாட்ச்மேன் கேட்டுக்கு உள்பக்கம் நின்னாரு. அப்பாவப் பாத்ததும், "வாங்க சார். நல்லா பேரு வாங்கிட்டீங்க போல"ன்னாரு. அப்பா கேட்டுக்கு முதுகக் கொடுத்து வெளியில நின்னுக்கிட்டாரு.

கூட்டம் வந்துச்சு. பேய் பிசாசு மாதிரி இருப்பாங்கன்னு சின்னவ நெனச்சிருந்தா. பாத்தா, எல்லாம் தெனம் பஸ் ஸ்டாப்புல பாக்குற மூஞ்சிங்க. வேலை போனவங்க, பென்ஷன் வராதவங்க, தோள்ல கொழந்தையத் தூக்கிட்டு வந்தவங்க. கூட இருந்த கொஞ்ச பேரு கையிலதான் கல்லும் கம்பும். 'மெத்தை அண்ணன வெளிய விடு!'ன்னு கத்திக்கிட்டே வந்தாங்க.

"நான்தாம்ப்பா மெத்தைக்காரன்!"ன்னு அப்பா கத்தினாரு. "என்னைய யாரும் புடிச்சு வெக்கல!"

கூட்டம் சிரிச்சுச்சு. வீடியோவுல அப்பா மூஞ்சி எங்க இருந்துச்சு? அவரு புடிச்சவருதானே. அவர அவங்களுக்கு வெறும் கொரலாத்தான் தெரியும்.

"யாருய்யா நீ? எவ்வளவு வாங்கின?" ஒரு எளவட்டம் அப்பா காலரப் புடிச்சு உலுக்கினான். "எங்க அண்ணன் எங்கடா?"

"தம்பி, விடு தம்பி. நான்தான்..." ஒரு கல்லு கேட்டுல பட்டு டங்குன்னுச்சு. வாட்ச்மேன் குனிஞ்சாரு. சின்னவ அப்பாகிட்ட ஓடப் போனா, அம்மா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டாங்க.

அப்பதான் நீலச் சட்டை போட்ட ஒரு அம்மா கூட்டத்த இடிச்சுட்டு முன்னால வந்தாங்க. "டேய், விடுறா. இன்னொரு வாட்டிப் பேச விடு." அப்பா மூஞ்சியக் கிட்டத்துல பாத்தாங்க. "பேசுங்க."

"என்னம்மா பேசச் சொல்றீங்க? நேத்து தொண்டை கிழியச் சொன்னேனே, யாரும் போகாதீங்கன்னு."

அந்தம்மா கண்ண மூடிட்டுக் கேட்டாங்க. "இந்தக் கொரல்தான். நேத்து அழுதது இந்தக் கொரல்தான். எனக்குத் தெரியாதா? வீட்ல எங்கிட்ட பேச வேற யாரு இருக்கா, தெனம் அந்த நிகழ்ச்சியத்தானே கேக்குறேன்." அப்புறம் அந்த எளவட்டத்துக் கையில ஒரு அடி. "காலர விடு. அண்ணனக் காப்பாத்த வந்துட்டு அண்ணனையே அடிக்கிறான்."

சில பேரு வெக்கத்தோட பின்னால நகந்தாங்க. சில பேரு, இவளும் காசு வாங்கிட்டான்னாங்க. வாட்ச்மேன் என்ன நெனச்சாரோ, கேட்டத் தெறந்து விட்டாரு. அந்தம்மாவும் இன்னும் கொஞ்ச பேரும் உள்ள போயி அறை அறையாப் பாத்தாங்க. ஒரு மெத்தைல, யாரோ நோயாளியோட பொண்டாட்டி, வாயத் தெறந்தபடி அசந்து தூங்கிட்டிருந்தா. சத்தம் போடாம வெளிய வந்தாங்க. அதுக்குள்ள போலீஸ் வண்டி வந்துச்சு, மிச்சம் பேரும் கலஞ்சாங்க.

அத்தோட முடிஞ்சிருக்கலாம். ஆனா சாயங்காலம் அம்மா வேணாம்னு சொல்லியும் அப்பா டிவியப் போட்டாரு. கேட்டுக்கு முன்னால நிக்கிற அவரு போட்டோ திரை பூரா.

"மக்களே, நம்மள ஏமாத்த ஒரு போலி மெத்தைக்காரரக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. இந்த ஆளு யாருன்னு தெரிஞ்சவங்க இந்த நம்பருக்குச் சொல்லுங்க."

அப்பா தன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு. "எங்கிட்டயே நான் யாருன்னு கேக்குறாரு"ன்னு மெதுவா சொன்னாரு. அம்மா எழுந்து போயி கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாங்க. சின்னவ அப்பா பக்கத்துல ஒட்டி உக்காந்தா.

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தாண்டா."

கதவத் தட்டுற சத்தம். யாரும் அசையல. மறுபடி தட்டினாங்க. அப்பாவே எழுந்து போயித் தெறந்தாரு. கீழ் வீட்டு சைக்கிள் கடைக்காரரு. சட்டைல இயக்கத்து பேட்ஜு, கையில போனு. போன்ல அப்பாவோட அதே போட்டோ.

"நம்பர் போட்டிருக்காங்கண்ணே."

"பாத்தேன்."

"நான் அந்த நம்பருக்கு அடிக்கல." அவரு கால மாத்தி மாத்தி வெச்சாரு. "இத்தன வருஷமா ஒரே படியில ஏறி எறங்குறோம். நீங்க போலின்னா நான் யாரு? ஆனா ராத்திரி தூங்கணும்ணே. நேராச் சொல்லுங்க. அங்க என்னதான் நடந்துச்சு?"

அப்பா நெலப்படிய விட்டு வெலகினாரு. "உள்ள வாங்க. கொஞ்சம் நேரமாகும்."

சின்னவ எழுந்து, நாற்காலில குவிஞ்சு கெடந்த மடிச்ச துணியெல்லாம் அள்ளினா. அம்மா டிவிய அணைச்சாங்க.