நாற்று மேடையில் வைத்த முட்டைகள்

சாரல் அடிக்கிறது, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். வேப்பங்காய் மாதிரி கசக்கும். துப்பிவிடாமல் கேட்க வேண்டும்.

நடுக்கடலில் கிடக்கும் கட்சால் தீவில் சர்க்கார் ரப்பர் தோட்டம் போட்ட காலம் அது. சிலோன் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பிய நம் சனங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, காட்டோரம் வரிசை வீடுகளாக லயம் கட்டிக் குடிவைத்தார்கள். அதில் கமலாட்சி என்று ஒருத்தி. நாற்பது வயது, தாலியறுத்தவள், பிள்ளையும் கிடையாது. ரப்பர் நாற்று மேடையில் அவளுக்கு வேலை. மணலில் விதையை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். நாள் தவறாமல் விதையைப் புரட்டிப் பார்த்து, முளைவிட்டதைப் பொறுக்கி எடுப்பாள். நூறு விதைக்குத் தொண்ணூறு முளைக்கும். கமலாட்சி கல்லை வைத்தாலும் குருத்து விடும் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

அந்தத் தீபாவளிக்கு லயத்து ஆண்கள் ஒரு கடலாமையைப் பிடித்துவந்து மல்லாத்திப் போட்டார்கள். பண்டிகைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உயிரோடு கிடந்தால் கறி கெடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று நாளும் அது காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டே கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கமலாட்சி அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தோள்கொடுத்துப் புரட்டிப் பார்த்தாள். நாலு ஆள் தூக்கிவந்த உடம்பு, அசையவில்லை. அதன் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள். பண்டிகையன்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மார்கழியில் கடற்கரை மணலில் ஆமைத் தடம் தெரிந்தது. கங்காணி தங்கையா வாளியோடு போய்த் தோண்ட உட்கார்ந்தார். கமலாட்சி பின்னாலேயே போனாள்.

“அண்ணே, தீவாளிக்கு ஒரு தாயத் தின்னாச்சு. முட்டையையாச்சும் விடுங்க.”

“விட்டா உடும்பு தின்னும், நாய் தின்னும். நம்ம வயித்துக்குப் போனா மட்டும் பாவமா?”

“எங்கிட்டக் குடுங்க. நான் குஞ்சாக்கிக் காட்டுறேன்.”

“அடைக்கு ஒக்காரப் போறியா தங்கச்சி? பாத்து ஒக்காரு. ஒடைஞ்சா அம்புட்டும் ஆம்லெட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமலாட்சி சிரிக்கவில்லை.

“கல்லுல குருத்து விடும்னு நீங்கதானே சொன்னீங்க? இது கல்லை விடவா கெட்டி?”

தங்கையா வாளியைக் கீழே வைத்தார். “சரி. ஒன் மேடையில குஞ்சு வந்துச்சுன்னா, மாரியம்மா சத்தியமா லயத்துல ஒருத்தனும் இந்தக் கரையில கை வைக்க மாட்டான். வரலேன்னா அப்புறம் நீ வாயத் தொறக்கப்படாது. அச்சா?”

“அச்சா.”

இரண்டு குழிகளில் இருநூறு முட்டைக்கு மேல் கிடைத்தது. மூன்றாவது தடம், விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் போய் முடிந்தது. வேருக்குள் கை போகவில்லை. ஆமை சும்மா சுரண்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது என்றார் தங்கையா. முட்டை இருந்தாலும் உடும்புக்குத்தான் என்று கமலாட்சி மனசாறாமல் விட்டுவிட்டு வந்தாள்.

முட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவி, ரப்பர் விதை மாதிரியே வரிசையாகப் படுக்கவைத்தாள். மேலே ஈரச் சாக்கு. இரண்டு வேளையும் தண்ணீர். தினம் ஒரு வரிசையைக் கையில் எடுத்து, மெல்லப் புரட்டிப் பார்த்து, மறுபக்கமாக வைப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்லம் வந்து நின்றாள். அவள் மகள் காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாக எழுந்திருந்தது.

“அக்கா, ரெண்டே ரெண்டு முட்டை குடு. புள்ளைக்குத் தெம்பு இல்ல.”

“ஏலாது செல்லம். இது எண்ணி வைச்ச உசுரு.”

செல்லம் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து முகம்கொடுத்துப் பேசவில்லை.

மாசி பிறந்தது. மேடையிலிருந்து வாடை கிளம்பியது. லயமே திரண்டு நிற்க, கமலாட்சி சாக்கை விலக்கினாள். முட்டைகள் கறுத்து ஒழுகிக் கிடந்தன. ஒன்றிரண்டில் நகம் அளவுக்கு உரு கட்டிச் செத்திருந்தது. மீதி புழு.

தங்கையா மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். செல்லம்தான் சொன்னாள்: “எம் மவ தின்னுருந்தா நாலு நாள் பசியாறியிருப்பா. இப்ப புழு தின்னுருக்கு.”

நாலைந்து நாள் கழித்து, காலையில் சுள்ளி பொறுக்கக் கடற்கரைக்குப் போனாள் கமலாட்சி. அந்த விழுந்த மரத்தடியில் மணல் உள்வாங்கியிருந்தது. அங்கிருந்து அலை வரைக்கும் சின்னச் சின்னத் தடங்கள், விரித்துப்போட்ட நூல் மாதிரி. யாரும் கழுவவில்லை, தண்ணீர் விடவில்லை, புரட்டவில்லை. தாய் போட்டது போட்டபடி கிடந்ததுதான் பொரிந்து கடலுக்குப் போயிருக்கிறது. அவள் ஒவ்வொரு நாளும் செய்த பணிவிடைதான் ஒவ்வொரு முட்டையையும் கொன்றிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒரு ஆசை வந்தது. அந்த ஆசைதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. ஓடிப்போய் லயத்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினாள்.

“நண்டு ஓடின தடம்,” என்றார் தங்கையா.

“நண்டு இல்லண்ணே, பாருங்க.” வேருக்குப் பக்கவாட்டில் முழங்கை ஆழம் தோண்டி, கிழிந்த முட்டைத் தோல்களை அள்ளி அவர் கையில் வைத்தாள். “தொடாம விட்டா தன்னால வருது. நாம விட்டாப் போதும்.”

தங்கையா தோலைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார். ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்தார்.

“பாப்ரே, வேருக்கு அடியிலயும் போடுதா. நாம இத்தன நாளா சும்மா சுரண்டினதுன்னுல்ல விட்டுட்டோம். பக்கவாட்டுல போகணும்.”

“அண்ணே, சத்தியம் பண்ணீங்க.”

“ஒன் மேடையில வரலையே தங்கச்சி. பேச்சு அதுதானே?”

அடுத்த மார்கழியில் விழுந்த மரம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் குச்சி விட்டுப் பார்த்தார்கள். வாளி வாளியாக வந்தது. கமலாட்சி வாயைத் திறக்கவில்லை, பேச்சு அதுதானே.

அப்படி ஒருநாள் மத்தியானம் செல்லம் ஓர் இலையில் நாலு முட்டை அவித்துக் கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

“கோவமெல்லாம் வேணாங்கா. எம் மவதான் பெரியம்மாவுக்குக் குடுன்னா.”

ஆமை முட்டையின் வெள்ளைக் கரு எவ்வளவு அவித்தாலும் இறுகாது, கண்ணுகளே. கொழகொழவென்று கண்ணீர் மாதிரியே இருக்கும். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இரண்டு கொடுக்க மாட்டேன் என்றவள், அந்தப் பிள்ளை கொடுத்தனுப்பியதை எந்த வாயால் வேண்டாம் என்பாள்? வாங்கிக்கொண்டாள். செல்லம் பார்த்துக்கொண்டிருக்கவே தின்றாள்.

போய்ப் படுங்கள் என் ராசாக்களே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்பது எதுவானாலும் உயிரோடு திரும்பிப் போகட்டும். நீங்கள் ஆசையாகக் காப்பாற்ற நினைக்கிற எதுவும் உங்கள் கையாலேயே கெடாமல் இருக்கட்டும்.