யார் ஊற்றுவது

கடைக்காரி தொமியே பீர் பாட்டிலோடு ஒரே ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து வைத்தபோது, அவள் ஏதோ மறதியில் செய்கிறாள் என்றுதான் மொரியோ நினைத்தார். மேசையில் மூன்று பேர் இருந்தார்கள்: அவர், மகள் சிஹோ, அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் இந்தோனேசியப் பையன் ஃபட்லி. பையன் முஸ்லிம், குடிக்கமாட்டான். அப்படியானால் இரண்டு குவளை வரவேண்டும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை குவளை என்று கணக்காகக் கொண்டுவந்து வைக்கிறவள் தொமியே.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"யாருக்கு அண்ணே? சிஹோதான் இப்ப தொடுறதில்லையே" என்றாள் தொமியே. சொன்ன பிறகுதான் சிஹோவின் முகத்தைப் பார்த்தாள். "அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் தண்ணீர் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கடையில் அவருக்குக் கொஞ்ச நாளாக எதுவுமே பிடிபடுவதில்லை. பன்றி எலும்புச் சாற்றுக்குப் பேர்போன ஹகொசாகியில் அது மணக்காத ஒரு ராமென் நூடுல்ஸ் கடையா என்று முதலில் திகைத்தார். பக்கத்துத் தெரு மசூதிக்கு வருகிறவர்கள் வாசல் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து, தொமியே போன வருஷம் கோழிச் சாற்றுக்கு மாறிவிட்டாள். 'முஸ்லிம் நண்பர்களும் சாப்பிடலாம்' என்று கண்ணாடிக் கதவில் ஒரு பச்சைத் தாளும் ஒட்டினாள். பழைய ஆட்களுக்காகப் பீரை மட்டும் விட்டுவைத்தாள். "பன்னிய அனுப்பிட்டேன். பீரையும் அனுப்பினா நீங்கல்லாம் என்னையே அனுப்பிருவீங்க" என்பாள். சாறு நன்றாகவே இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு அவர் சம்மதம் சொல்ல வந்திருந்தார். பேருந்து ஓட்டும்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் முணுமுணுத்துப் பார்த்த வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஆனால் முதல் குவளை உள்ளே இறங்கினால்தான் அவருக்குப் பேச்சு வரும். குவளையை அவரே நிரப்பிக்கொள்ளவும் முடியாது. நாலு பேரோடு உட்கார்ந்து தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்கிறவன் நாதியற்றவன். மனைவி போன பிறகு அவருக்கு ஊற்றுகிற கை சிஹோவுடையதுதான். அவள் இல்லாத நாட்களில் டின் பீர் குடிப்பார். டின்னுக்கு ஊற்ற ஆள் வேண்டாம்.

பாட்டில் அப்படியே நின்றது. சிஹோவின் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. உள்ளே வந்தும் அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை என்பதை அவர் இப்போதுதான் கவனித்தார். குளிர் என்று நினைத்திருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"போன வருஷம், இலை உதிர்ற சமயத்துல."

மொரியோ ஃபட்லியைப் பார்த்தார். கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

"நான் இல்ல அப்பா. அவ மதம் மாறினதுக்கு அப்புறம்தான் எங்களுக்குப் பழக்கமே. மசூதியில அவதான் எனக்கு வழி சொன்னா."

திட்டவும் இடமில்லை. அதற்குள் இவன் வேறு உரிமையோடு அப்பா என்கிறான். மொரியோ மனசுக்குள் நாட்களைப் புரட்டினார்.

"புத்தாண்டுக்கு எனக்கு ஊத்தினியே?"

"ஊத்தினேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"அம்மாவுக்குப் படையல் போட வந்தப்ப? கை சுளுக்குன்னு சொன்ன."

"சுளுக்கு இல்லப்பா."

"தொமியேவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு இங்க சாப்பிட வருவேன். தலையில துணி இருக்கும். அவங்களாவே புரிஞ்சுக்கிட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்டயும்."

"உங்ககிட்டதான்பா வாயே வரல."

மகள் யாரைக் கும்பிடுகிறாள் என்பது அவருக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. அவரும் கோயிலுக்குப் போவது வருஷம் பிறக்கும்போது மட்டும்தான். பின்னே எது இப்படி வலிக்கிறது? சுளுக்கு என்றதும் மருந்துக்கடைக்கு ஓடிப்போய் ஒட்டுத்துணி வாங்கிவந்து அவள் மணிக்கட்டில் ஒட்டிவிட்டாரே, அதுவா? இன்று ஒரு கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிறார்களா, இல்லை, எப்போதோ நடந்து முடிந்த ஒன்றுக்குக் கேட்கிறார்களா? அவருக்கு விளங்கவில்லை.

தொமியே மூன்று கிண்ணங்களை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். ஆவி எழுந்தது. இந்த மெல்லிய நூடுல்ஸை உடனே உறிஞ்சிச் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊறிப்போகும். யாரும் கை வைக்கவில்லை. ஃபட்லியின் கை ஒருமுறை பாட்டில் வரைக்கும் போனது. மாமனாராகப் போகிறவரின் குவளை காலியாக இருப்பது மரியாதை இல்லை என்பது, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவனுக்கும் தெரியும். மதுவை எடுத்து ஊற்றுவது பாவம் என்பதும் தெரியும். பாதி வழியில் அந்தக் கை திரும்பி மிளகாய்ப் பொடி டப்பாவை எடுத்தது. சாறு சிவந்த பிறகும் அவன் தூவிக்கொண்டே இருந்தான்.

"விடு தம்பி" என்றார் மொரியோ. "அப்புறம் சாப்பிட முடியாது."

பாட்டிலை அவரே எடுத்தார். எந்தச் சாய்வில் ஊற்றவேண்டும் என்பதே அவருக்கு மறந்திருந்தது. நேராக நின்ற குவளையில் விழுந்த பீர் நுரைத்துக்கொண்டு மேலே ஏறியது. தொமியே அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, ஒரு பீருக்காக.

சிஹோவின் கை மேசைக்கு மேலே வந்தது. குவளையின் அடியைப் பிடித்து, நுரை எழாமல் இருக்க மெல்லச் சாய்த்துக் கொடுத்தது.

மொரியோ ஊற்றுவதை நிறுத்தினார். "இது பரவாயில்லையா?"

"ஊத்தக்கூடாதுன்னு தெரியும்பா. பிடிச்சுக்கலாமான்னு யார்கிட்டயும் கேட்டதில்ல."

மொரியோ ஃபட்லியைப் பார்த்தார். தனக்கும் தெரியாது என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். மொரியோ மறுபடி பாட்டிலைச் சாய்த்தார். பீர் இம்முறை அமைதியாக ஏறி விளிம்பில் வந்து நின்றது. குவளையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை.