மாதிரி வீட்டில் பதினோரு மாதம்

கோவிந்தம்மாவின் குடும்பத்தில் நான்கு பேர் இருந்ததால்தான் அவளுக்கு அந்த வீடு கிடைத்தது. திருவொற்றியூருக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த நாற்பத்திரண்டு குடிசைகளில் சரியாக நான்கு பேர் உள்ள குடும்பம் அவளுடையது ஒன்றுதான். அவள், புருஷன் எத்திராஜ், பெண் தங்கபுஷ்பம், பையன் ரகுபதி. முந்தின வருஷம் பேதியில் போன கைக்குழந்தை இருந்திருந்தால் ஐந்தாகியிருக்கும். ஓவர்சியர் ஹென்றி நோட்டில் எழுதிக்கொண்டு, "நாலு பேரு. சரியா இருக்கு" என்று சொன்னபோது எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம் அது. பக்கத்து மேட்டு நிலத்தில் சர்க்கார் நாற்பத்திரண்டு வீடு கட்டித் தரப்போகிறது என்று சொன்னார்கள். வெறும் வீடு மட்டும் இல்லை. பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கிற இடம், பெண்களுக்குக் குளிக்கும் அறை, பத்து வீட்டுக்கு ஒரு குழாய், சாக்கடை நீர் போய்ப் பாயும்படி வாழைத் தோட்டம். முதலில் மாதிரிக்கு ஒரு வீட்டைக் கட்டி, அதில் திட்டக் கணக்குப்படி நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, பெரிய அதிகாரிகள் வந்து பார்த்து, பிறகு மற்ற வீடுகளுக்கு உத்தரவு ஆகும். ஒரே ஒரு நிபந்தனை. மாதிரி வீட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் குடிசையைப் பிரித்துவிட வேண்டும்.

கார்த்திகை மாதம் மழை நின்றதும் அவர்கள் குடிபோனார்கள். அவர்கள் குடிசை இருந்த இடத்தில் ஒரே வாரத்தில் வள்ளூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஓலை வேய்ந்துகொண்டது.

சுண்ணாம்பு அடித்த சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு அறை, பின்பக்கம் சமையல்கட்டு. முதல் மழைத் தூறலில் ரகுபதி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொட்டும் விழவில்லை. "இன்னாம்மா, மழை வெளியிலயே நின்னுகிச்சு" என்றான். துறைமுகத்தில் கரி சுமந்துவிட்டு வரும் எத்திராஜ், சுவரில் சாய்ந்தால் கறை படியும் என்று நடு அறையில் நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிடப் பழகிக்கொண்டான். கோவிந்தம்மா தலைச்சுமையாகக் கருவாடு விற்கிறவள். பார்க்க வருகிறவர்களுக்கு நாற்றம் அடிக்கக் கூடாது என்று வீட்டு வாசலில் கருவாடு காயவைக்க வேண்டாமென்று ஹென்றி சொல்லியிருந்தார். அதனால் தினமும் பழைய பக்கத்துவீட்டுக்காரி பவுனம்மாளின் குடிசை முன்னால் கொண்டுபோய்ப் பரப்பினாள்.

பவுனம்மாளும் கருவாடு விற்கிறவள்தான். இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் ஒன்றாகச் சுற்றுவார்கள். ஒன்பது வருஷப் பழக்கம். பவுனம்மாள் வீட்டில் மாமியாரோடு சேர்த்து ஏழு பேர். "எம் புருஷன் கொஞ்சம் அடக்கமா இருந்திருந்தா அந்த வூடு எனக்கில்ல வந்திருக்கும்!" என்று அவள் குழாயடியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் குரலில் பொறாமை இல்லை.

மாதிரி வீட்டின் நடு அறைச் சுவரில் முழுத் திட்டத்தின் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. ஹென்றி நல்ல மனுஷர். குடிசைக்காரர்கள் வந்து கேட்டபோது ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பெயர் எழுதிக் கொடுத்தார். கோவிந்தம்மாவுக்கு அடுத்த வீடு பவுனம்மாளுக்கு. அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து அந்தக் கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள்.

"கோயிந்து, இத்தினி பக்கமா! நடுவுல ஒரு சொவுருதான். தட்னா கேக்கும் இல்ல?"

"கேக்கும்க்கா."

"அப்போ தெனம் காலைல தட்டி எழுப்பறேன், இரு."

பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். கார்களில் வந்தார்கள். சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு வந்த அம்மாமார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர்கள், ரகுபதியின் பல்லைப் பார்த்த டாக்டர். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "சௌகரியமா இருக்கா?" கோவிந்தம்மாவும் ஒரே பதில்தான் சொன்னாள். "நல்லா கீதுங்க."

ஆனி மாதம் வந்தவர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. நரைத்த மீசை, கையில் சின்ன நோட்டு. மற்றவர்கள் வெளியே நின்றபோது அவர் சமையல்கட்டுக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நல்லா இருக்குன்னு எல்லாரும் எழுதிட்டாங்கம்மா. அது எனக்கு வேண்டாம். இந்த வீட்ல என்ன குறை? பயப்படாம சொல்லு" என்றார்.

அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு தொரை. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வந்துச்சுன்னா, பொகை போற சந்து வழியா காத்து உள்ள வந்துடுது. பொகை பூரா வூட்டுக்குள்ளயே சுத்துது. புள்ளைங்க இருமுதுங்க. எனக்குப் பரவால்ல, நான் பார்த்துக்குவேன். மத்த வூடுங்க கட்டறப்போ அந்தச் சந்த அந்தாண்டச் செவுத்துல வெச்சா நல்லாருக்கும்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். படம்கூட ஒன்று போட்டார். "இதைக் கேட்கத்தான்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கோவிந்தம்மா இதைப் பவுனம்மாளிடம் சொன்னபோது, அவள் இவள் கன்னத்தைக் கிள்ளினாள். "அடி கெட்டிக்காரி! உன்னால எங்க புள்ளைங்க இருமாம கெடக்கும்."

ஆடியில் யாரும் வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை. அஸ்திவாரத்துக்காகக் கொண்டுவந்து குவித்திருந்த கருங்கல் ஜல்லியை லாரிகளில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். புரட்டாசிக் கடைசியில் ஹென்றி வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கும்மா. இந்த வீட்டைச் சாமான் வைக்கற கிடங்கா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. பதினஞ்சு நாள் டயம்."

"ஏன் தொரை?"

"மேல இருந்து வந்தது. ஏன்னு எனக்கே சொல்லல."

ஏன் என்பதற்குப் பதிலைக் குழாயடி கண்டுபிடித்தது. பெரிய அதிகாரி வந்து கேட்டார், வீடு சரியில்லை, புகை சுற்றுகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று கோவிந்தம்மா சொல்லிவிட்டாள். குறை சொல்கிற ஜனங்களுக்கு எதற்கு வீடு என்று சர்க்கார் கைகழுவிவிட்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இரண்டு நாளில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

கோவிந்தம்மா பவுனம்மாளின் குடிசைக்குப் போனபோது, அவள் வாசலில் பரப்பியிருந்த இவளுடைய கருவாட்டைக் கூடையில் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுத்துகினு போ மே."

"அக்கா, நான் உங்களுக்காகத்தானே சொன்னேன். அன்னிக்கு உன்னாண்ட சொன்னப்போ கெட்டிக்காரின்னியே."

"ஓட்டு வூட்ல குந்திகினு பொகை வருதுன்னு சொல்றதுக்கு இன்னா கொழுப்பு இருக்கணும்? எங்கூட்ல மழை வருது, பாம்பு வருது. பொகையா பெருசு?" பவுனம்மாள் கூடையை இவள் பக்கம் தள்ளினாள். "போய்டு. எம் மூஞ்சில முழிக்காத."

எத்திராஜ் கோவிந்தம்மாவை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சாமான்களைக் கட்டும்போது, கயிற்றை இழுத்துக்கொண்டே, "நீ எப்பவும்போல நல்லா கீதுன்னு சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

பழைய இடத்தில் வள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார யாரும் இடம் விடவில்லை. ரயில் பாதைக்கு மேற்கே, கால்வாய்க் கரையில் ஓலை போட்டுக்கொண்டார்கள். கோவிந்தம்மா தனியாகக் கூடை சுமந்தாள். பவுனம்மாள் ஒரு தெருவில் வந்தால் இவள் அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். உண்மையிலேயே தன் வாயால்தான் கெட்டதோ என்ற எண்ணம் அடுப்பு மூட்டும்போதெல்லாம் வந்தது. அந்த நரைமீசைக்காரரின் முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தாள். அதில் இருந்தது சிரிப்பா, ஏளனமா, கோபமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் கால்வாய் நீர் குடிசைக்குள் முழங்கால் அளவு நின்றது. கடற்கரைப் பக்கக் குடிசைகளில் பாதி சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். கோவிந்தம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓடினாள். மாதிரி வீட்டைச் சுற்றி ஏற்கெனவே பெண்களும் பிள்ளைகளும் நனைந்துகொண்டு நின்றார்கள். காவல்காரர் மஜீது, "சாவி என்னாண்ட இல்லம்மா, உள்ள பூரா சிமிட்டி மூட்டை" என்று கையைப் பிசைந்தார்.

ஹென்றி மழைக்கோட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்தார். எல்லோருமாக மூட்டைகளை ஒரு பக்கம் நகர்த்தி அடுக்கினார்கள். முப்பது பிள்ளைகளாவது இருக்கும், மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. பவுனம்மாள் கடைசிப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபக்கச் சுவரோரம் நின்றாள். அவள் மாமியார் வரவில்லை. கிழவி மீது சுவர் விழுந்துவிட்டது என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். கோவிந்தம்மாவால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஹென்றி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கோவிந்தம்மா போய் அவர் எதிரில் நின்றாள்.

"தொரை, ஒரே ஒரு வார்த்தை. நான் பொகைன்னு சொன்னதாலதான் நின்னுச்சா?"

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"எல்லாரும்."

அவர் மழைக்கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"இங்க பாரும்மா, போன வாரம்தான் நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். இந்த மேடு, அந்தப் பள்ளம், குடிசை இருக்கற இடம் எல்லாமே ஒரு ஆலைக்கு எண்ணெய்த் தொட்டி கட்டக் குடுத்தாச்சு. எழுதினது வைகாசில. அந்தப் பெரியவர் உங்கிட்ட வந்து கேட்டது ஆனில. அவருக்கும் தெரியாது. பாவம், உன் புகைக்கு மறு படம் போட்டு அனுப்பியிருந்தார். அதையும் ஃபைல்ல பார்த்தேன். நான் பிரிக்கறவரைக்கும் யாரும் அதைப் பிரிக்கக்கூட இல்ல."

தான் குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகும் என்று கோவிந்தம்மா நினைத்திருந்தாள். ஆகவில்லை. அவள் சொன்னதற்கு ஒரு நல்லதும் இல்லை, ஒரு கெட்டதும் இல்லை. அவள் வாயே திறக்காதது போலத்தான்.

வெகுநேரம் கழித்துப் பவுனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"உம்மேல கோவமா இருந்தப்போ, அந்தக் கோவமாச்சும் இருந்துச்சு. இப்போ நான் யார் மேல மே கோவப்படுவேன்? எங்க போய்ச் சண்டை போடுவேன்?"

கோவிந்தம்மா அவள் கையிலிருந்த பையனை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பவுனம்மாள் மாமியாருக்காகவா வீட்டுக்காகவா என்று தெரியாமல் அழுதாள்.

தை மாதம் முள்வேலி வந்தது. கால்வாய்க் கரையில் இருந்தவர்களையும் சேர்த்துக் குடிசைக்காரர்களைக் கொடுங்கையூர்ப் பக்கம் பள்ளத்தில் போய் இருக்கச் சொன்னார்கள். அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்து வந்தால் எத்திராஜுக்குக் காலைப் பெயர் கொடுக்கும் நேரம் தவறிவிடும். தவறினால் அன்று வேலை இல்லை. இருந்தும் அவர்கள் அங்கேதான் போனார்கள். பவுனம்மாள் தம்பி எண்ணூரில் இருந்ததால் அவள் குடும்பம் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வடக்கே போனது. கோவிந்தம்மா திருவொற்றியூர்க் கோயில் வரை வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.

"வா மே, ஒரு நாளைக்கு" என்றாள் பவுனம்மாள்.

"வரேன்க்கா."

சித்திரையில் ஒரு நாள் எப்படியோ நேரம் ஒதுக்கிக்கொண்டு போனாள். எண்ணூரில் இறங்கி விசாரித்து, குப்பத்தைக் கண்டுபிடித்தாள். தம்பி வீட்டில் இடம் போதாமல் பவுனம்மாள் புருஷனும் பிள்ளைகளுமாக இன்னும் வடக்கே எங்கோ உப்பளத்து வேலைக்குப் போய்விட்டதாக அந்தத் தம்பி பெண்டாட்டி சொன்னாள். ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கோவிந்தம்மா பிள்ளைகளுக்காகக் கொண்டுபோன பொரி உருண்டைகளை அங்கே நின்ற குழந்தைகளுக்குக் கொடுத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மத்தியான ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் நிழல் இருந்த பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.