கை தூக்கி நின்றவன்

மிசிசிப்பியில் இருக்கிற அத்தனை மோட்டல்களிலும் காலைப் பலகாரம் சுட வைத்திருக்கும் வாஃபிள் மெஷினும் ஹோலிஸ் பெட்டிட்டுக்கு அத்துப்படி. மாவை ஊற்றிவிட்டு, மணி அடிக்கும்வரை அதனோடுதான் பேச்சு. வேறு யாரோடு பேச? மனைவி விட்டுப் போய்விட்டாள். மகள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிடுவாள். கல்லூரிகளில் பந்தைக் கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பையன்களைப் பார்த்து, யார் தேறுவான் என்று தொழில்முறை அணிக்குச் சொல்வது அவர் வேலை. அவர் சொன்ன பையனை அணி எடுத்தே வருஷக்கணக்காகிறது. அணிகள் முறை போட்டுப் பையன்களை எடுக்கிற டிராஃப்டில், இந்த வருஷமும் எடுக்காவிட்டால் வேலை போய்விடும். அப்புறம் அந்த வாஃபிள் மெஷினும் இல்லை.

இந்த முறை வந்தது கீஷான் லெட்லோவுக்காக. ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற ரிசீவர். ஃபிரிட்ஜுக்குக் கை கால் முளைத்த மாதிரி ஆள். எதிராளி முதுகில் தொங்கினாலும், அவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எம்பிப் பிடித்துவிடுவான்.

அதுதான் வினையாயிற்று. அணியின் மேலாளர் ரென்ஃப்ரோ போனில் சலித்துக்கொண்டார். "யோவ், அவன் பிடிக்கிற ஒவ்வொரு பந்துலயும் எவனாவது ஒட்டிக்கிட்டே இருக்கான்யா. ஓடி விலகத் தெரியாத தடியன். பெரிய ஆட்டத்துல துவைச்சுக் காயப்போட்ருவாங்க."

ஹோலிஸும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அன்று மழை, பயிற்சி இல்லை. போக்கிடம் இல்லாத மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து, வீடியோவில் யாரும் பார்க்காததைப் போட்டுப் பார்த்தார்: கீஷானுக்குப் பந்து வராத காட்சிகள்.

அடக் கடவுளே! பந்து வேறெங்கோ போகிறது. திரையின் ஓரத்தில் கீஷான், பக்கத்தில் ஈ காக்கை இல்லாமல், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அடுத்ததிலும் அப்படியே. எறிகிறவன் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் பந்து தாமதமாகத்தான் வருகிறது. இவன் அதற்காக நிற்க, இவன் பின்னால் விட்டுவந்த எதிராளி மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறான். ஹோலிஸ் அந்தக் காட்சிகளை எல்லாம் வெட்டி ரென்ஃப்ரோவுக்கு அனுப்பினார்.

மறுநாள் பையனிடமே கேட்டார்.

"ஏன் தம்பி, எறியறவன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"அவனே பாவம் சார், அடி வாங்காம எறிஞ்சா போதும்னு இருக்கான். நான் வேற கத்தணுமா?"

"அதுக்காகச் சும்மா கை தூக்கிட்டே நிப்பியா?"

"என்னிக்காவது யாராவது பார்ப்பாங்கல்ல." சிரித்தான். "நீங்க பார்த்துட்டீங்களே!"

டிராஃப்ட் அன்று பெரிய மேஜையைச் சுற்றிப் பயிற்சியாளர்கள், கம்ப்யூட்டர்காரர்கள், ஒரே கூச்சல். ஹோலிஸுக்குச் சுவரோரம் நாற்காலி. அணியின் முறை வந்தது.

"ரிசீவர்ல யாருய்யா மிச்சம்?" என்றார் ரென்ஃப்ரோ.

"லெட்லோ, பாஸ். நான் அனுப்பின வீடியோல..." என்று ஆரம்பித்தார் ஹோலிஸ். யாரோ குறுக்கே விழுந்து வேறு பெயரைச் சொன்னார்கள். கத்தலாம்தான். ஊமையாகவே திரிந்து பழகிய தொண்டையில் குரல் எழும்பவில்லை. கையைத் தூக்கினார். தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். யாரும் திரும்பவில்லை. அணியின் தேர்வாக அந்த வேறு பெயரே போயிற்று.

அடுத்த முறையிலேயே எதிரணி லெட்லோவை எடுத்தது. டிவியில் அந்த அணிக்காரருக்கு வாயெல்லாம் பல். "பந்து வராத காட்சிகளைப் பாருங்க. அவன் கிட்டயே எவனும் இல்ல!"

ரென்ஃப்ரோ அன்றைக்கு முதல்முறையாகச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"யோவ் ஹோலிஸ், இதை ஏன்யா நீ சொல்லலே?"