பட்டியலில் பத்தொன்பது பேர்

சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஓடிய சேற்றுக் கோட்டை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியும் போகாத கோடு. இன்னும் ஒரு மணி நேரத்தில் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள். இந்த முன்னறையில்தான் கிடத்த வேண்டும். ஈரத்துணி பட்ட இடங்களில் கோடு அகலமானதே தவிர அழியவில்லை.

"விடு. வர்றவங்க சுவரையா பாக்கப் போறாங்க?" என்றார் கணவர், நாற்காலிகளை விரித்தபடி.

சுவரைத்தான் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இறந்தவன் முகத்தை யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு கண்ணுக்கு வேறு இடம் வேண்டும்.

இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியவன் தம்பி. மன்றத்து வேலை முடியட்டும், இரண்டே நாளில் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். முதலில் மன்றம், அப்புறம் வீடு. முப்பது வருடமாக அவனுடைய வரிசை அதுதான். அவளும் அதற்குப் பழகிப்போயிருந்தாள். பழகிப்போனது என்பதற்கும் மனம் ஒப்பியது என்பதற்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருந்தது. அதை அவள் யாரிடமும் அளந்து காட்டியதில்லை.

மன்றம் என்பது நான்கு தெரு தள்ளி, பள்ளத்தில் இருந்த ஒரு பழைய கிடங்கு. அதற்குள் மேடை கட்டி, பகலில் வெவ்வேறு வேலை பார்க்கும் பதினெட்டுப் பேர் மாலையில் நாடகம் போட்டார்கள். தம்பி பத்தொன்பதாவது ஆள். நடிப்பதில்லை, திரை இழுப்பவன். பகலெல்லாம் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பான். ஆறு மணிக்குக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவான், வெல்வெட்டில் கிரீஸ் ஒட்டிவிடக் கூடாது என்று. மன்றத்தில் அவனுக்குப் பெயரே 'திரை'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பொண்ணு பாக்கப் போனா முன்னால வந்து உக்காரணுமே, அது நமக்கு ஒத்து வராது" என்பான்.

அவள் நான்கைந்து நாடகங்கள் பார்த்திருக்கிறாள். எதிலும் அவனைப் பார்த்ததில்லை. கடைசியில் நடிகர்கள் கைகோத்து வணங்கும்போது திரையின் ஓரம் லேசாக அசையும். அவன்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது கிடங்கில் ஆள் மூழ்கும் உயரத்துக்கு நின்றது. வடிந்த அன்றே அவன் அங்கே போய்விட்டான். வீட்டுச் சேற்றை அவளும் கணவரும் வாரினார்கள். மூன்றாம் நாள், ஊறி உப்பிய மேடைப் பலகையைப் பெயர்க்கும்போது ஆணி அவன் குதிகாலில் ஏறியது. நொண்டிக்கொண்டு வந்தான். அவள்தான் கழுவிக் கட்டுப் போட்டாள். இரண்டு நாள் கழித்து, ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டாள்.

"பட்டியல்ல போட்டாச்சுன்னு இருக்குக்கா" என்று சிரித்தான்.

அவள் சேறு பட்ட போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சரி என்றாள். ஏன் சிரித்தான் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டதா என்று கேட்டபோது, அவள் முந்திக்கொண்டு போட்டாச்சு என்றாள். அவன் பல்லைக் கடித்தபடி தலையை இடவலமாக அசைத்தான். வலியில் அசைக்கிறான் என்று நினைத்தாள். டாக்டர் குனிந்து அவனையே மறுபடி கேட்டார். மறுபடியும் அதே அசைவு. ரண ஜன்னி, டெட்டனஸ் என்றார்கள். இருட்டறையில் வைத்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. எட்டு நாள் அவள் வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்று விடியும்போது முடிந்தது.

உடல் வருவதற்கு முன்பே சார் வந்துவிட்டார். மன்றத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சார்தான். கணவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். சார் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையைப் புதுப்பலகை போட்டுச் சரி செய்துவிட்டோம், மயானத்துக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் அவனை அங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். மூன்று மணிக்கு ஊரே திரளும். வெள்ள நிவாரணக் குழுவின் அதிகாரியும் வருகிறார். கிடங்கைத் திரும்பத் திறக்கலாமா கூடாதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா விளக்கையும் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

"முப்பது வருஷம் ஓரத்துலயே நின்னவன்மா. இன்னைக்கு ஒரு நாளாவது நடுவுல இருக்கட்டும்."

 இந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு அவரை மன்னித்துவிடலாம் போலிருந்தது. மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அதுவரை அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எட்டு நாளும் வந்தவர், ஒரு நாளும் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பது மட்டும் தெரியும்.

"அவன் ஊசி போட்டுக்கலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். அவன் காலில் ஆணி ஏறிய மறுநாள், ஊசி போட வேனில் எல்லோரையும் அழைத்துப் போன அன்று, நனைந்த திரையை வெயிலில் விரித்திருந்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் சேறு இறுகி வெல்வெட் பாழாகிவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று அவன்தான் தங்கினான். சுகாதார நிலையத்தில் ஊசி போட்டவர்கள் பட்டியல் கேட்டார்கள். கையோடு இருந்தது ஒத்திகைக்கு வருகை எடுக்கும் நோட்டு. அதில் குறித்துக் கொடுத்தார்.

"அவன் பேருக்கு நேரா நான் நிமிர்ந்து பாக்கறதே இல்லம்மா. மத்தவங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே டிக் போட்டுடுவேன். ஒரு நாள் வராம இருந்திருந்தாத்தானே."

"மறுநாள்?"

 உள்ளே குழாயில் கணவர் வாளியை நிரப்பும் சத்தம் கேட்டது. 

"போயிருக்கான்" என்றார் சார். "வரிசையில நின்னிருக்கான். பட்டியல்ல பத்தொன்பதும் போட்டாச்சு, உன் பேரும் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்கிட்ட வந்து, 'சார், நான் நேத்தே ஊசி போட்டுக்கிட்டேனாம்'னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். நாளைக்கு ஒரு கடிதம் எழுதித் தரேன்னேன். அப்புறம் பலகை வந்தது, தச்சர் வந்தார். மறந்துட்டேன். அவனும் ரெண்டாம் தரம் கேக்கலை."

கேட்டிருக்க மாட்டான். தட்டில் சோறு குறைந்தால்கூட இரண்டாம் தரம் கேட்கிறவன் இல்லை.

அவள் அழவில்லை. அவளுக்குள் ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. கட்டுப் போட்ட காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் வரிசையில் நிற்கிறான். அவன் முறை வருகிறது. சட்டைக் கையை மேலே சுருட்டுகிறான். சுருட்டிய கையோடு திரும்பி வருகிறான்.

மூன்று மணிக்குப் பேசப்போகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளால் இப்போதே சொல்லிவிட முடியும். கலைக்காக உயிரைக் கொடுத்தவன். அவன் கொடுக்கவில்லை. அவனுக்கு அது வேண்டியிருந்தது. நொண்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறான். அதையாவது நாலு பேர் முன்னால் அவனுக்குத் திருப்பித் தர வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே அக்காவிடமும் சொன்னான், அவள் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளட்டும்.

"இதை மேடையில சொல்லுங்க சார். அப்ப அங்க கொண்டாரேன்."

"சொன்னா மன்றத்தை மூடிடுவாங்கம்மா. அதிகாரி முன்னால..."

"அவர் முன்னாலதான்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுதி அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல் என்றார். வாசலில் செருப்பைத் தேடும்போது அவர் முதுகு மிகவும் கிழடுதட்டித் தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது. வந்ததை அவள் விரும்பவில்லை.

தம்பி வந்தான். நான்கு பேர் தூக்கிவந்து கிடத்தினார்கள். எட்டு நாள் இறுகிக்கிடந்த தாடை தளர்ந்து, எதையோ சொல்ல வாயெடுத்தவன் போல உதடு சற்றுப் பிரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மோட்டார் கடை முதலாளி வந்து, கொஞ்ச நேரம் அவனையும் அதன் பிறகு சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்கு மன்றத்திலிருந்து ராணி வந்தாள். தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவள். பதினைந்து வருடமாக எல்லா நாடகத்திலும் ராணி வேஷம் அவளுக்குத்தான் என்பதால் அந்தப் பெயர். மாலையை வைத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். இந்த ஆள் ஒரு வினாடி பிந்தித் திரையை விட்டிருந்தால் என் மானம் எத்தனை தடவை போயிருக்கும் தெரியுமா அக்கா, சேலை தடுக்கி விழுந்த அன்றைக்குக்கூட நான் விழுந்தது யாருக்கும் தெரியாமல் மூடிவிட்டார் என்று சொல்லி, அழுகைக்கு நடுவில் சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"சார் இங்கேருந்து வந்ததும் உக்காந்து எழுதினார். எங்களுக்குப் படிச்சுக் காட்டினப்ப எல்லாரும் அழுதுட்டோம்."

அழகான கையெழுத்து. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'அனைவரும் தடுப்பூசிக்குச் சென்ற அன்று, தன்னைக் காப்பதை விடத் திரையைக் காப்பதே கடமை என்று தங்கியவர் நம் திரை.' அடுத்த வரி அவனுடைய புகழைப் பற்றியது. அதற்கு அடுத்தது மன்றம் மறுபடி எழும் என்பது.

"மறுநாள் எங்க?"

"எந்த மறுநாள்க்கா?" என்றாள் ராணி. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, சாரிடம் சொல் என்றாள். ராணி வாசலுக்குப் போய்ப் போனில் பேசினாள். திரும்பி வந்து, அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டாராம், பேச்சு அப்படியே இருக்கட்டும், மற்றதைப் பிறகு மன்றத்துக்குள் ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் என்றாள். என்ன விஷயம் என்று கேட்க நினைத்த ராணி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் கிளம்பிப் போனாள்.

வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்தார். அவள் பின்னால், தம்பிக்கு அருகே, குறுகலான பெஞ்சில்.

"மன்றத்துக்குப் போயிட்டே போவோம்" என்றார் கணவர் திரும்பாமல். "மச்சானுக்குப் பிடிச்ச இடம்."

 பிடித்த இடம்தான். அவனைக் கேட்டால், போனால் போகிறது அக்கா, சாரும் பாவம் என்பான். அவனைத் திருப்பி அனுப்பியதையே சிரிப்பாகச் சொன்னவன். அவன் விட்டுவிட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்க அவள் யார்? இல்லை, அவன் விட்டானா, விட்டுப் பழகிப்போனானா? ஒரு மணி நேரம்தான். விளக்கெல்லாம் எரியும். அந்தக் கடைசி வரியில் எல்லோரும் கை தட்டுவார்கள், நாடகக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள். எட்டு நாளாக ஒரு தம்ளர் கீழே விழாமல் பார்த்துக்கொண்டவள் அந்தக் கை தட்டலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் உடம்பு இனி எதற்கும் வளையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும்.

கிடங்குத் தெருவில் வண்டி திரும்பியது. இரண்டு பக்கமும் வெள்ளம் கெடுத்த கதவுகளும் மெத்தைகளும் குவிந்துகிடந்தன. மன்றத்தின் படிகளில் பதினாறு பதினேழு பேர் உயர வரிசையில் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள், யாரோ நிற்கச் சொல்லிக் கொடுத்தது போல. நடுவில் சார். கையில் தாள்.

"இங்கதானே நிறுத்தணும்?" என்று கேட்டு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"இல்ல" என்றாள். "நேரா போங்க."

ஓட்டுநர் கணவரைப் பார்த்தார். கணவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஒரு கணம் வண்டி நிற்கிற வேகத்திலேயே நகர்ந்தது.

"சொல்றாங்கல்ல, போங்க" என்றார் கணவர்.

சார் கையை உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துகிறவர் போல. ராணி ஒரு படி இறங்கி வந்து அங்கேயே நின்றுவிட்டாள். படிகளுக்குப் பின்னால் பெரிய கதவு இரண்டும் திறந்திருந்தன. வண்டிச் சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எழுந்திருந்தார்கள். வரிசை வரிசையாக, மேடையைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள்.